வெளியீட்டு விழாவுக்கு மறுநாள்

வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓர் ஓட்டோ வந்து நின்று, அதிலிருந்து மண்ணிறத் தாளில் சுற்றிய பொதிகள் இறங்கினால், அன்றைக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் புத்தக வெளியீடு என்று அர்த்தம். பொதியைப் பிரித்தால் பசை மணக்கும். அட்டை இலேசாக வளைந்திருக்கும். முதல்நாள் இரவுதான் அச்சகத்தில் கட்டி முடித்திருப்பார்கள். மண்டப வாசலில் ஒரு மேசை. மேசையில் பெயரும் தொகையும் எழுத ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பேனை, ஒரு கட்டு வெற்று என்வலப். எழுத்தாளரின் மருமகனோ மச்சானோ மேசைக்குப் பின்னால் இருப்பார். வருகிறவர் என்வலப்பில் காசை வைத்து மூடிக் கொடுப்பார், இவர் புத்தகத்தை நீட்டுவார். பின்னட்டையில் 800 ரூபா என்று போட்டிருக்கும். என்வலப்புக்குள் 1000 இருக்கும், 2000 இருக்கும். எழுத்தாளர் படிப்பித்த பிள்ளை ஒருவர் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருந்தால் 5000மும் இருக்கும். மிச்சக் காசு கேட்கிற வழக்கம் இல்லை.

உள்ளே மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தலைமையுரை, வெளியீட்டுரை. பிறகு முதற்பிரதி. அதைப் பெறுவதற்கென்றே நகரத்தில் சில புரவலர்கள் உண்டு, பெரும்பாலும் வர்த்தகர்கள். முதற்பிரதிக்கு அவர்கள் கொடுக்கும் தொகையை யாரும் மேடையில் சொல்வதில்லை, எல்லோருக்கும் ஏறக்குறையத் தெரியும். அதன்பின் சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்கள் வாசிக்கப்படும். அது அரை மணித்தியாலம் போகும். ஆய்வுரைக்கு வந்தவர் தன் முறை வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். ஏற்புரைக்கு முன் பாதி மண்டபம் எழுந்து பஸ்ஸுக்குப் போயிருக்கும்.

இதைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் கொழும்பில் தமிழ்ப் புத்தகம் எந்தக் காசில் வெளிவருகிறது என்று விளங்க வேண்டுமானால் அந்த வாசல் மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மொய்க் கொப்பியைப் போன்ற அந்தச் சி.ஆர். கொப்பிதான் இங்கே பதிப்புத் தொழிலின் கணக்குப் புத்தகம். எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. அச்சகங்களுக்கும் குறைவில்லை. விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை புத்தகம் எங்கே போவது என்பதற்குத்தான் வழி கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இலக்கங்கள் உதாரணத்துக்கு, விகிதத்தைப் பாருங்கள். 160 பக்கப் புத்தகம், 300 பிரதி. ரைப்செட்டிங், அட்டை, அச்சு, கட்டு எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 600 ரூபா. விலை 800. கடைக்குக் கொடுத்தால் முப்பத்தைந்து வீதம் கழிவு; கையில் வருவது 520. ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் 80 ரூபா நட்டம். விலையை 1200 ஆக்கினால் நட்டம் நீங்கும், வாங்குகிறவரும் நீங்கிவிடுவார். இப்போது மேசைக்குத் திரும்புவோம். 60 பேர் சராசரி 1500 ரூபா வைத்தால் 90,000. செலவில் சரிபாதி ஒரு பின்னேரத்தில் வந்துவிட்டது. முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் மிச்சத்தில் ஒரு பங்கைத் தேற்றித் தரும். மண்டப வாடகை, வடை, தேநீர் போகப் பெரிதாகக் கையைக் கடிக்காமல் எழும்பிவிடலாம். ஆகவே புத்தகத்தைக் கடையில் விற்பதைவிட விழாவில் கொடுப்பதே புத்திசாலித்தனம். எழுத்தாளர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பேச்சாளர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உறவினர்களுக்கும் இனாமாகப் போனது இன்னொரு அறுபது. 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டிய ஐந்து பிரதியும் அதற்குள் அடக்கம். மீதி 180. அது கட்டிலுக்குக் கீழே போகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் கட்டிலுக்குக் கீழே இருக்கும் தமிழ் இலக்கியத்தைக் கணக்கெடுத்தால் ஒரு நல்ல நூலகம் வைக்கலாம்.

அப்படியானால் பதிப்பகங்கள் எங்கே என்று கேட்பீர்கள். புத்தகத்தின் முன்பக்கத்தில் ஏதோ ஒரு பதிப்பகத்தின் பெயர் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வீட்டு முகவரிகள். மகளின் பெயர், காலமான தாயாரின் பெயர், ஊர்க் கோயிலின் பெயர். சுதந்திர சதுக்கத்துப் பக்கம் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் விண்ணப்பித்தால் தனி ஆளுக்கும் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் இலக்கம் கிடைக்கும். 978-955 என்று தொடங்கிய இலங்கை இலக்கங்களோடு இப்போது 978-624உம் சேர்ந்திருக்கிறது. நாட்டில் வெளியாகும் தலைப்புகளின் தொகைக்கு அதுவே ஓர் அடையாளம். இன்னொரு சாட்சியும் உண்டு. லண்டனில் இருக்கும் நூலகவியலாளர் என். செல்வராஜா ஈழத்துத் தமிழ் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரம் வீதம் பதிவுசெய்துவரும் ‘நூல் தேட்டம்’ பத்துத் தொகுதிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையில் நாம் ஏழைகள் இல்லை.

வேறொருவரின் கைப்பிரதியை வாங்கி, செப்பனிட்டு, தன் காசைப் போட்டு, விற்று, எழுதியவருக்கு ஒரு பங்கு கொடுப்பவர்தான் பதிப்பாளர் என்று கறாராகச் சொன்னால் கொழும்பில் தமிழுக்கு மிஞ்சுபவை சில பெயர்களே. நாவலாசிரியர் செ. கணேசலிங்கன் வழியில் வந்த குமரன் புத்தக இல்லம், முகப்பில் ‘கொழும்பு - சென்னை’ என்று இரண்டு ஊரையும் போட்டுக்கொள்கிறது. அந்தச் சிறு கோட்டுக்குள் ஒரு முழுப் பொருளாதாரம் ஒளிந்திருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க்கில் கல்வி, சமூகவியல் நூல்களோடு நிற்கும் சேமமடு பொத்தகசாலை. யாழ்ப்பாணத்தில் தொடங்கி செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் கிளை பரப்பிய பூபாலசிங்கம் புத்தகசாலை, கடையாகவும் வெளியீட்டாளராகவும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு தி. ஞானசேகரன் தொடங்கிய ‘ஞானம்’ சஞ்சிகையைச் சுற்றி ஒரு வெளியீட்டு வரிசை. தெமட்டகொடையில் இஸ்லாமிய புக் ஹவுஸ். இன்னும் சில இருக்கின்றன, பட்டியல் நீளாது.

இவர்களில் கவிதையையும் சிறுகதையையும் மட்டும் போட்டு யாரும் பிழைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வழிகாட்டி, சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள், உயர்தரப் பாடக் குறிப்பு ஆகியவைதான் கடை வாடகையைக் கட்டுகின்றன. கவிதைத் தொகுதிக்கும் அந்தக் குறிப்புப் புத்தகந்தான் படியளக்கிறது. இதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1980இல் அரசாங்கம் இலவசப் பாடநூல் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதுவரை பாடநூல் அச்சிட்டு அந்த இலாபத்தில் ஒன்றிரண்டு நாவலும் போட்ட தனியார் பதிப்பகங்களின் காலுக்குக் கீழே இருந்த நிலம் அன்றைக்கு நகர்ந்தது. பாடநூல் போன இடத்தில் ரியூஷன் குறிப்பு வந்து குந்தியது.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. 1970களில் ஒரு பத்தாண்டு வேறு மாதிரி இருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினால் இந்திய வெகுசன இதழ்களும் மலிவு நாவல்களும் வருவது அப்போது மட்டுப்பட்டது. வாசகர்களின் கை அரித்தது. 1930இலிருந்து நாளிதழ் நடத்திக்கொண்டிருந்த வீரகேசரி நிறுவனம் அந்த இடைவெளியைக் கண்டு ஈழத்து நாவல்களை மலிவு விலையில் தொடர்ந்து வெளியிட்டது. வன்னிக் காட்டையும் நெடுந்தீவுக் கடலையும் பற்றி எழுதியவர்கள் திடீரென்று நாடு முழுக்க வாசிக்கப்பட்டார்கள். தடையினால் வந்த வாழ்வு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, விநியோகம். வீரகேசரிக்குப் பத்திரிகை ஏஜென்ட்மார் இருந்தார்கள். பத்திரிகை போகிற ஊருக்கெல்லாம் புத்தகமும் போகக்கூடிய பாதை ஏற்கெனவே இருந்தது. பதுளையில் தேநீர்க் கடைக்காரரும் மூதூரில் சைக்கிள் கடைக்காரரும் பத்திரிகையோடு நாவலும் தொங்கவிடக்கூடிய ஏற்பாடு அது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது, இந்திய இதழ்கள் திரும்பின, அந்த வரிசையும் சில ஆண்டுகளில் நின்றது. தடையை மீண்டும் கொண்டுவரச் சொல்லி இன்றும் சிலர் மேடையில் முழங்குவார்கள். அந்தப் பாதையை மீண்டும் போடச் சொல்லி யாரும் முழங்கி நான் கேட்டதில்லை.

அதன்பின் வந்தது யுத்தம். 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் கடைகளும் தொழிலகங்களும் எரிந்தன. 1990களில் வடக்குக்குப் போகும் பொருள்களுக்குத் தடை. யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்தார்கள். வடக்கே அச்சுத் தொழில் மூச்சுத் திணறியபோது எழுத்தாளர்களும் அச்சுக்கோப்பவர்களும் கொழும்புக்கு வந்தார்கள். கொட்டாஞ்சேனை, புளூமெண்டால் வீதிப் பக்கத்து அச்சகங்களில் இரவிரவாகத் தமிழ் ஓடியது. இன்றிருக்கும் கொழும்புத் தமிழ்ப் பதிப்புலகம் பெரும்பாலும் இடம்பெயர்ந்தவர்கள் கட்டியது. அதனாலோ என்னவோ அதற்கு இன்னும் ஒரு தற்காலிகக் குணம் இருக்கிறது. எல்லாம் ஊருக்குத் திரும்பும்வரை என்பதுபோல.

அப்படி வந்தவர்களில் ஒருவர் டொமினிக் ஜீவா. 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ இலக்கிய இதழைத் தொடங்கியவர், 1990களில் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார். கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியில் ஓர் ஒடுங்கிய அலுவலகம். ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பெயரில் மற்றவர்களின் புத்தகங்களையும் போட்டார். அவரிடம் மூலதனம் கிடையாது. தோளில் தொங்கும் பை இருந்தது. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இதழைக் கையில் கொண்டுபோய் விற்ற மனிதர், கொழும்பிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அவரை ஆசிரியர் என்கிறார்கள், முற்போக்காளர் என்கிறார்கள். என் கண்ணுக்கு அவர் முதலில் ஒரு விநியோகஸ்தர். மல்லிகை நாலு தசாப்தத்துக்கு மேல் ஓடியதற்கு அந்தப் பையும் ஒரு காரணம். 2021 ஜனவரி 28 அன்று அவர் காலமானார். அந்தப் பையை எடுத்துத் தோளில் போட ஆள் வரவில்லை.

மலையகத்துக்கும் இப்படி ஒருவர் வாய்த்தார். துரை விஸ்வநாதன் என்ற வர்த்தகர் ‘துரைவி’ பதிப்பகத்தை வைத்து, எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 1997இல் மலையகச் சிறுகதைகளைப் பெரும் தொகுதியாகக் கொண்டுவந்தார். தோட்ட லயன் வீடுகளிலிருந்து எழுதியவர்களை ஒருசேரப் பார்க்க அந்தப் புத்தகம் உதவியது. அவர் மறைந்ததும் அந்த வேகம் போய்விட்டது. ஜீவாவுக்கும் துரைவிக்கும் பொதுவான ஒன்று உண்டு: பதிப்பகம் அந்த மனிதராகவே இருந்தது. ஆள் போனால் பதிப்பகமும் போகும். குடும்பத்தின் அடுத்த தலைமுறை எடுத்து நடத்துகிற இடங்களில் மட்டும் பெயர்ப்பலகை தப்பியிருக்கிறது.

கடதாசிக்கு வருவோம். ஒரு காலத்தில் வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலிலிருந்து தாள் செய்தது. 1950களில் தொடங்கிய ஆலை. தமிழ் எழுதும் கையும் தமிழ்த் தாளும் ஒரே மாகாணத்தில் இருந்த காலம் என்று கிழக்கிலங்கை நண்பர் ஒருவர் சொல்வார், கொஞ்சம் மிகைதான். யுத்தமும் நட்டமும் சேர்ந்து அந்த ஆலையை முடக்கின. புத்தகத் தாள் இன்று கப்பலில் வருகிறது, டொலரில் வருகிறது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைத் தாங்கிப்பிடிப்பதைக் கைவிட்டபோது டொலர் 200இலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. அந்த மாதம் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சை பின்போடப்பட்டது, சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. பரீட்சைக்கே தாள் இல்லாத நாட்டில் கவிதைக்கு எங்கே போவது. அச்சகங்கள் காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் காப்பாற்றவில்லை. 1000 பிரதி போட்டவர்கள் ஏற்கெனவே 500க்கு இறங்கியிருந்தார்கள். அப்போது 300 ஆனது, டிஜிட்டல் அச்சில் 100, 50 என்றும் ஆனது.

அதன் சூடு ஆறுவதற்குள் வற் வந்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த பல பொருள்களோடு புத்தகமும் வரிக்குள் இழுக்கப்பட்டது. பெரிய சிங்களப் பதிப்பகங்கள் சத்தம் போட்டன, நியாயமாகவே. தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் மௌனம். நமக்கு அது பொருந்தாது என்று பலர் நினைத்தார்கள். ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா விற்பவர்தான் அப்போது வற்றுக்குப் பதிவுசெய்ய வேண்டும். அந்தத் தொகையைக் கனவில்கூடக் காணாதவர்கள் நாங்கள். ஆனால் பொறி அங்கேதான் இருக்கிறது. பதிவுசெய்த பெரிய பதிப்பகம் தாளுக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைத் தான் அறவிட்ட வரியில் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத சின்னவர் அச்சகப் பட்டியலில் வரும் வரியைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். யாரிடமும் கழிக்க முடியாது. வரிக்கு வெளியே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வரியைச் சுமக்கிறோம்.

ரூபா விழுந்ததில் ஒரு நன்மையாவது வந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் புத்தகம் விலை ஏறினால் உள்ளூர்ப் புத்தகம் மலிவாகத் தெரியும் அல்லவா? நெருக்கடிக்கு முன் ஓர் இந்திய ரூபா மூன்று இலங்கை ரூபாவுக்குள் இருந்தது. 2022இல் நாலைத் தாண்டி, பிறகு மூன்றரைப் பக்கம் இறங்கியது. 300 இந்திய ரூபா நாவல், ஏற்றுகூலி சேர்க்காமலே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் உள்ளூர்த் தாளும் அதே டொலரில் வருவதால் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. சென்னையில் ஒரு பதிப்பகம் ஆயிரம், இரண்டாயிரம் பிரதி போட்டுச் செலவைப் பங்கிடுகிறது. இங்கே முந்நூறு. இந்தச் சண்டையில் நாம் எடை குறைந்த பக்கம்.

அதனால்தான் ஈழத்து எழுத்தாளர்களில் பெயர் வாங்கியவர்கள் பலர் இப்போது சென்னையிலோ நாகர்கோவிலிலோ புத்தகம் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே போட்டால் அச்சு அழகாக இருக்கும், செப்பனிடுகிறவர் ஒருவர் இருப்பார், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கிறது, ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் புத்தகம் போகும். பிறகு அதே புத்தகம் பெட்டியில் கட்டப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிறது. வவுனியாவில் நடந்த கதையை வெள்ளவத்தையில் இருப்பவர் இறக்குமதி விலையில் வாங்குகிறார். எதிர்ப்பாதை கிடையாது. கொழும்பில் அச்சான புத்தகம் சென்னைக் கடையில் இருப்பது அபூர்வம். தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும், அனுப்பினால் கணக்குத் தீர்ப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து சென்னை விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். யாழ்ப்பாணம் பஸ்ஸில் எட்டு. ஆனால் புத்தகத்துக்குச் சென்னை ஒருவழிப் பாதை.

நகரத்துக்குள்ளேயே இன்னொரு உலகம் இருக்கிறது, தமிழர் அதை எட்டத்திலிருந்துதான் பார்க்கிறோம். மருதானையில் கொடகே சகோதரர்கள் நிறுவனத்தின் கடைக்குள் போய்ப் பாருங்கள். சிங்களப் பதிப்பகம், ஆனால் தமிழ் நாவல்களையும் சிறுகதைகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஆண்டுக்கணக்காக வெளியிட்டுவருகிறது, தமிழ்க் கைப்பிரதிகளுக்கும் போட்டி வைத்திருக்கிறது. தமிழ் எழுத்தாளர் தன் காசு போடாமல் புத்தகம் கொண்டுவரக்கூடிய மிகச் சில கதவுகளில் ஒன்று, சிங்களவர் நடத்துகிற கதவாக இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நடப்பு அதுதான். ஆனாலும் அங்கேயும் அதே நோய்: தமிழ்ப் புத்தகம் அச்சாகும், அதைத் தமிழ் ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் வழி அவர்களிடமும் இல்லை.

1999இல் தொடங்கி, வழக்கமாகச் செப்டெம்பர் வாக்கில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் வித்தியாசம் முகத்தில் அறையும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். சிங்களப் பதிப்பகங்கள் ஆண்டின் முக்கியமான நூல்களை அந்தப் பத்து நாளுக்கென்றே வைத்திருந்து வெளியிடும். தமிழ்க் கூடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்; அங்கேயும் முன்வரிசையில் இருப்பது தமிழ்நாட்டுப் புத்தகம். இத்தனைக்கும் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் தமிழரையும் சோனகரையும், அதாவது முஸ்லிம்களையும், சேர்த்தால் பாதிக்கு மேல். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் கணிசமானோர் ஆங்கில மொழிமூலம் படிக்கிறார்கள். தமிழ் அந்த வீடுகளில் பேச்சாக இருக்கிறது, தேவாரமாக இருக்கிறது, தொலைக்காட்சித் தொடராக இருக்கிறது. தட்டில் புத்தகமாக இல்லை.

முஸ்லிம் வாசகர்களின் நிலை தனியாகப் பேச வேண்டியது. பள்ளிவாசல், மத்ரஸா, சஞ்சிகைச் சந்தாதாரர் என்று அங்கே ஓரளவு விநியோகப் பாதை இருந்தது. நாங்கள் பொறாமைப்பட்ட பாதை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பாதையில் சோதனைச் சாவடி வந்தது. இஸ்லாமிய நூல்களை இறக்குமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2021இல் சுங்கம் சொன்னது. அதற்கு முன்பே, 2020 மே மாதம், மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் தன் ‘நவரசம்’ கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அந்தத் தொகுதியில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு மெலிந்த கவிதைப் புத்தகத்துக்கு மூன்றரை வருடம். அதன்பின் கைப்பிரதியோடு அச்சகத்துக்குப் போனவர்களிடம் சில அச்சகக்காரர்கள் ‘உள்ளே ஒன்றும் இல்லையே?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். தணிக்கைச் சபை எதுவும் தேவைப்படவில்லை.

அரச உதவி என்று ஒன்று இல்லாமல் இல்லை. தேசிய நூலக சபை கைப்பிரதியை மதிப்பிட்டு வெளியீட்டுக்கு உதவுகிறது, அரச இலக்கிய விருது இருக்கிறது, மாகாண மட்டத்தில் எப்போதாவது நூல் கொள்வனவு நடக்கும். விண்ணப்பப் படிவம், மும்மொழிக் கடிதம், ஒன்றரை வருடக் காத்திருப்பு. பெற்றவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் பழுதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் தமிழ் ரைப்செட்டிங் நீண்டகாலம் பாமினி எழுத்துருவில்தான் ஓடியது, இன்னும் பல அச்சகங்களில் ஓடுகிறது. எழுத்தாளர் யுனிகோடில் அனுப்புவார். அங்கே அதைப் பாமினிக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடையும், மேற்கோள் குறி கொம்பாக மாறும், ‘ஔ’ இரண்டாகப் பிரியும். திருத்துவதற்கு ஆள் கிடையாது. எழுத்தாளரே மூன்று தரம் வாசித்துக் கண் பூத்துப்போய் ‘சரி, அடியுங்கோ’ என்பார். என் முதல் தொகுதியில் 43ஆம் பக்கத்துக்குப் பிறகு 46 வந்தது. விழாவில் ஆய்வுரை செய்தவர் அதை நவீன உத்தி என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அந்தத் தொகுதியில் 40 பிரதியை ஒரு கடைக்கு விற்பனைக்குக் கொடுத்தேன். விற்றபின் காசு என்பது ஏற்பாடு. ஆறு மாதம் கழித்துப் போனேன். முதலாளி ஊரில் இல்லை. பத்து மாதம் கழித்துப் போனேன். கணக்குப் பார்க்கிற தம்பி மாறிவிட்டார். மூன்றாம் முறை போனபோது என் புத்தகம் தட்டில் இல்லை, விற்றதா என்றும் யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. முந்நூறு எழுத்தாளர்கள் தலா இருபது பிரதியோடு வந்து நின்றால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு எழுத எந்தக் கடையிலும் கை போதாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். முப்பது பதிப்பாளரின் புத்தகத்தை ஒன்றாக எடுத்து, மாதத்துக்கு ஒருமுறை மட்டக்களப்பு, ஹட்டன், வவுனியா, யாழ்ப்பாணம் என்று சுற்றி, போன மாதத்துக் காசை வாங்கிக்கொண்டு வருகிற ஒரு நிறுவனம். கொழும்பில் தமிழுக்கு அப்படியொன்று இன்றுவரை நிலைக்கவில்லை. அதற்குப் போடும் முதல், ஒரு வருடத்தில் நாம் வெளியீட்டு விழாக்களுக்குச் செலவழிக்கும் வாடகையையும் வடையையும் விட அதிகமாக இருக்காது என்பது என் அனுமானம்.

இப்போதைக்குக் கட்டிலுக்குக் கீழே இருக்கும் புத்தகங்களுக்கு இரண்டு கதி உண்டு. ஒன்று, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் மின்வடிவாகி இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அச்சில் 300 பேருக்குப் போகாத புத்தகத்தை அங்கே நோர்வேயிலிருந்து யாரோ திறந்து பார்க்கிறார். எழுதியவருக்குச் சதம் வராது. ஆனால் கறையான் தின்னாது.

மற்றது, இரவு பஸ். யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்கள் இரவில் வெள்ளவத்தை காலி வீதியில் ஆள் ஏற்றிக்கொண்டு புறப்படும். பயணப்பையோடு மருந்து, கலியாணச் சாரி, கைத்தொலைபேசி என்று எல்லாம் அதில் பார்சலாகப் போகும். இரண்டு வருடமாக நாங்கள் நாலு பேர் புத்தகமும் அனுப்புகிறோம். பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி, நடத்துநர் தம்பியிடம் 300 ரூபா கொடுத்தால் போதும். பஸ் இலக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவோம். விடியப்புறம் அங்கே ஒருவர் சைக்கிளில் வந்து எடுப்பார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர், கடைக்காரர் அல்ல. போன தையில் 12 பிரதி அனுப்பினேன். எட்டு விற்றது, காசு அந்தக் கிழமையே கணக்குக்கு வந்தது. நாலு அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. அதில் ஒன்றின் அட்டையில் மீன் பெட்டித் தண்ணீர் பட்டிருந்தது. அதை நான் வைத்துக்கொண்டு மிச்சம் மூன்றை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றினேன்.